பத்தாயிரம் பேரைப் புதைத்த சாமியார்: சாகுன் பற்றிய இழை

கேள்வி, 4 ஜூலை, மாலை

ஸ்பானியப் பாதிரிகள் மெக்சிகோவில் கோயில்களை இடித்தார்கள், ஓவியச் சுவடிகளை எரித்தார்கள். இதுதானே வரலாறு? அப்படியிருக்க, பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவியை மட்டும் ‘முதல் மானிடவியலாளர்’ என்று தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். அவர் வந்த வேலை மதமாற்றம். அதற்காக எடுத்த குறிப்புகளுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூலை, இரவு 9.40

எரித்தது உண்மை. யுகாத்தானில் மானி என்ற ஊரில் 1562இல் மாயர்களின் சுவடிகளைக் கொளுத்திய தியேகோ தெ லாண்டாவும் பிரான்சிஸ்கன்தான். அதை மறைத்துக்கொண்டு சாகுனைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் சாகுனின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். 1499 வாக்கில் ஸ்பெயினில் சாகுன் என்ற ஊரில் பிறந்தவர். சலமான்கா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். 1529இல் சுமார் இருபது துறவிகளோடு கப்பலேறி மெக்சிகோ வந்தார். 1590இல் அங்கேயே இறந்தார். அறுபத்தொரு வருடம். ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. ஆஸ்டெக் மக்களின் மொழியான நாவாட்டிலைச் சொந்த மொழிபோல் பேசினார், எழுதினார். அவர் முன்நின்று உருவாக்கிய பன்னிரண்டு புத்தகம், இன்று ஃபுளோரன்ஸ் சுவடி என்று சொல்வது, இல்லை என்றால் ஆஸ்டெக் மக்கள் எப்படிச் சமைத்தார்கள், குழந்தை பிறந்தால் மருத்துவச்சி என்ன சொன்னாள், இறகு வேலை செய்பவர் பசையை எப்படிக் காய்ச்சினார், இதில் எதுவுமே இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைத்திருக்காது. என்னைக் கேட்டால் அந்த மரியாதை அவருக்குத் தகும்.

4 ஜூலை, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று.

சாகுனுக்கு ஐந்து வருடம் முன்பு, 1524இல், முதல் பன்னிரண்டு பிரான்சிஸ்கன்கள் வந்து இறங்கினார்கள். செருப்பில்லாத கால், கிழிந்த அங்கி. அவர்களைப் பார்த்த த்லாஸ்கலா மக்கள் ‘மொதோலினியா, மொதோலினியா’ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். பன்னிருவரில் ஒருவரான தோரிபியோ தெ பெனவெந்தே அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறார். ஏழை, பாவப்பட்டவர் என்று சொன்னார்கள். சரி, நான் கற்ற முதல் சொல் இதுதான், இனி இதுவே என் பெயர் என்று வைத்துக்கொண்டார். சாகும்வரை மொதோலினியா என்றுதான் கையெழுத்து.

எங்கள் ஊரில் கப்புச்சின் சாமியார்கள் பழுப்பு அங்கியும் இடுப்புக் கயிறுமாக வருவார்கள். கயிற்றில் மூன்று முடிச்சு எதற்கு என்று ஞானோபதேச வகுப்பில் கேட்பார்கள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இதில் ஏழ்மையும் கீழ்ப்படிதலும் சாகுன் வாழ்க்கையில் எப்படி வந்து விளையாடின என்பதைப் பிறகு எழுதுகிறேன். அந்த இடம்தான் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

6 ஜூலை

‘அவர் தனியாக எழுதினாரா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் குறிப்பில் ‘முன்நின்று உருவாக்கிய’ என்று போட்டேன். அது போதாது. விளக்குகிறேன்.

1536 ஜனவரி 6ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளில், மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ பகுதியில் சாந்தா குரூஸ் கல்லூரி திறக்கப்பட்டது. நாவாட்டில் பேசும் நாவா மக்களின் தலைவர்களுடைய பிள்ளைகளுக்கு லத்தீன் கற்றுக்கொடுக்கும் கல்லூரி. சாகுன் அங்கே வாத்தியார். இந்தியர்களுக்கு (அந்த மண்ணின் மக்களை ஸ்பானியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்) லத்தீன் ஏறுமா என்று ஸ்பானியர்கள் கேலி செய்தார்கள். மொதோலினியா ஒரு சம்பவம் எழுதிவைத்திருக்கிறார். லத்தீன் தெரியாத ஒரு குருவானவர் ஒரு மாணவனை விசுவாசப்பிரமாணம் சொல்லச் சொன்னார். பையன் ‘நாத்துஸ் எக்ஸ் மரியா விர்ஜினே’ (கன்னி மரியாளிடம் பிறந்தார்) என்று சரியாகச் சொன்னான். குருவானவர், அது ‘நாத்தோ’ என்று திருத்தினார். பையன் விடவில்லை. ‘சுவாமி, நாத்தோ என்பது எந்த வேற்றுமை?’ என்று லத்தீனிலேயே கேட்டான். அவருக்குப் பதில் தெரியவில்லை. வேற்றுமை உருபை வைத்து வாத்தியாரை மடக்கும் மாணவனை நமக்கு நன்றாகத் தெரியும், இல்லையா?

இந்தக் கல்லூரியில் படித்தவர்கள்தான் பிற்பாடு சாகுனோடு உட்கார்ந்தார்கள். அஸ்காபொத்ஸால்கோ ஊர் அந்தோனியோ வலெரியானோ, த்லாதெலோல்கோ ஊர் மார்த்தின் ஹகோபீத்தா, குவௌதித்லான் ஊர் அலோன்சோ வெகெரானோ, அதே ஊர் பெத்ரோ தெ சான் புவெனாவெந்துரா. நாவாட்டில், ஸ்பானியம், லத்தீன் மூன்றும் தெரிந்தவர்கள். இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிவதே சாகுன் எழுதிவைத்ததால்தான். இவர்களில் தலையானவர், மிகுந்த அறிவாளி என்று வலெரியானோவைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். பிரதி எடுத்த எழுத்தர்கள் மூவரின் பெயரையும் விடவில்லை.

7 ஜூலை, மதியம்

வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

1558இல் சபையின் மாநிலத் தலைவர் பிரான்சிஸ்கோ தெ தோரல், மக்களின் மொழியிலேயே உபயோகமானதை எழுது என்று கட்டளையிடுகிறார். சாகுன் தெபெபுல்கோ என்ற ஊருக்குப் போகிறார். ஊர்த்தலைவரையும் பெரியவர்களையும் கூப்பிட்டு, விவரம் தெரிந்த ஆட்களைக் கொடுங்கள் என்று கேட்கிறார். அவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. கலந்து பேசிவிட்டு வந்து, பத்துப் பன்னிரண்டு முதியவர்களைக் காட்டி, இவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். ஏறத்தாழ இரண்டு வருடம் உட்கார்ந்து பேசினார்கள்.

சாகுன் கேட்டதற்கெல்லாம் முதியவர்கள் ஓவியமாகப் பதில் தந்தார்கள். அதுதான் அவர்களின் பழைய எழுத்து. ஓவியத்தின் அடியில் மாணவர்கள் நாவாட்டிலில் விளக்கம் எழுதினார்கள். அப்புறம் 1561 வாக்கில் த்லாதெலோல்கோ வந்து, அங்கே வேறு முதியவர்களை வைத்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தார். அடுத்து மெக்சிகோ நகர மடத்தில் மூன்று வருடம் தானே உட்கார்ந்து வரிசைப்படுத்தி, பன்னிரண்டாகப் பிரித்தார். ஒரே விஷயத்தை மூன்று சல்லடையில் சலித்த மாதிரி.

7 ஜூலை, இரவு

தக்காளிக்காரி! அவளை விட்டுவிட்டேனே.

பத்தாவது புத்தகம் மனிதர்களைப் பற்றியது. நல்ல தச்சன் இப்படி, கெட்ட தச்சன் இப்படி என்று தொழில்வாரியாகப் போகும். அதில் தக்காளி விற்பவர் வருகிறார். பெரிய தக்காளி, சின்னத் தக்காளி, பச்சைத் தக்காளி, இலைத் தக்காளி, இனிப்புத் தக்காளி, பாம்புத் தக்காளி, முலைக்காம்புபோல் கூம்பிய தக்காளி என்று கூடையை நம் முன்னால் கவிழ்த்த மாதிரி வரிசை. கெட்ட வியாபாரி என்ன செய்வார்? அழுகியதை விற்பார், நசுங்கியதை விற்பார், வயிற்றைக் கலக்குவதை விற்பார்.

நாம் தினமும் ரசத்தில் போடும் பழம் அந்த மண்ணிலிருந்து வந்தது. ‘தொமாத்ல்’ என்பது நாவாட்டில் சொல். மிளகாயும் அங்கிருந்துதான் வந்தது. நானூற்றைம்பது வருடம் முன்பு அந்தச் சந்தையில் நின்றவர் கூடையில் என்ன இருந்தது என்று ஒரு மதபோதகர் எதற்கு எழுதவேண்டும்? பாவசங்கீர்த்தனம் கேட்கவா இது தேவை? இந்தப் பக்கத்தை முதன்முதலில் படித்தபோது, இவருக்கு அந்த மக்கள்மேல் பிரியம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

9 ஜூலை

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். மனசு உறுத்துகிறது. 1539ஐச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

தெஸ்கோகோ நகரின் நாவா தலைவர் தோன் கார்லோஸ் ஒமெதோச்சின். ஞானஸ்நானம் பெற்றவர். முன்னோர் வழியை விடக்கூடாது என்று பேசினார் எனக் குற்றம் சாட்டப்பட்டார். மேற்றிராணியார் (பிஷப்) சுமாராகா விசாரித்தார். 1539 நவம்பர் 30இல் மெக்சிகோவில் அவரை எரித்தார்கள். அந்த விசாரணையில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் சாகுன்.

தக்காளிக்காரியின் வாய்ச்சொல்லை எழுதவைத்தவரும், எரிக்கப்படப்போகிறவரின் வழக்கில் மொழிபெயர்த்தவரும் ஒரே ஆள். ‘சொந்த மொழிபோல் பேசினார்’ என்று நான் முதல் குறிப்பில் பெருமையாக எழுதினேன். அந்த மொழி இதற்கும் பயன்பட்டது. கேள்வி கேட்டவரிடம், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

9 ஜூலை, இரவு

‘அப்படியானால் அவரது நோக்கம்தான் என்ன?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அவரே முன்னுரையில் சொல்லிவிட்டார். நோய் எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் வைத்தியர் மருந்து கொடுக்க முடியாது. பிரசங்கம் வைப்பவரும் பாவசங்கீர்த்தனம் கேட்பவரும் ஆன்மாவின் வைத்தியர்கள். மக்கள் எதை எப்படி வழிபட்டார்கள் என்று தெரியாவிட்டால், அது கண்ணெதிரே நடந்தாலும் புரியாது. அதற்காகத்தான் இந்த நூல். நோக்கத்தில் ஒளிவுமறைவே கிடையாது.

ஆனால் அதே முன்னுரையில் இன்னொரு உவமையும் வைக்கிறார். இந்த மொழியின் சொற்களையெல்லாம், நேர்ப்பொருளும் உவமைப்பொருளுமாக, வெளியே இழுத்துக் கொண்டுவரும் வலை இது என்கிறார். கடற்கரைக்காரன் எனக்கு இந்த உவமை நன்றாகப் புரியும். கரைவலையை இழுத்தால் தேடிப்போன மீன் மட்டுமா வரும்? சங்கு, நண்டு, பாசி, பெயர் தெரியாததெல்லாம் வரும். வைத்தியராகப் போனவர் வலைக்காரராகத் திரும்பினார். தக்காளி அப்படி வந்து விழுந்ததுதான். பிரியம் என்று 7ஆம் தேதி எழுதியதை முழுதாக வாபஸ் வாங்கவில்லை, ஆனால் அது மட்டுமே காரணம் என்று இப்போது சொல்லமாட்டேன்.

12 ஜூலை

ஏழாவது புத்தகத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இது என் சொந்த அனுபவத்தோடு சேர்ந்த விஷயம்.

சூரியன், சந்திரன், விண்மீன் பற்றிய புத்தகம் அது. பன்னிரண்டில் ரொம்பச் சின்னவற்றில் ஒன்று. வாசகருக்கு இது சலிப்பாக இருக்கும், ஏனென்றால் இந்த மக்கள் இந்த விஷயத்தை மிகத் தாழ்ந்த நிலையில்தான் பேசுகிறார்கள் என்று சாகுனே முன்னுரையில் குறைப்பட்டுக்கொள்கிறார். யாரைப் பற்றி? வெள்ளிக்கோளின் சுழற்சியைக் கணக்கிட்டு வைத்திருந்த நாகரிகத்தின் வாரிசுகளைப் பற்றி! அவர் ஐரோப்பியப் பாடப்புத்தக வரிசையில் கேட்டார். அந்த முதியவர்களுக்கு வானம் என்பது தெய்வங்களின் கதை, நாள்களின் பலன், சடங்கு. கேள்வி ஒரு பக்கம் நின்றது, அறிவு வேறு பக்கம் நின்றது. பழியோ பதில் சொன்னவர் தலையில் விழுந்தது.

நான் எம்.ஏ. படிக்கும்போது பனைத்தொழில் சொற்களைச் சேகரித்தேன். பெரியப்பா பனையேறி. எண்பது கேள்வி எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ‘இதற்கு என்ன பெயர்?’ ‘கலயம்.’ ‘இதற்கு?’ ‘கடிப்பு.’ ‘இதற்கு?’ ‘தளைநார்.’ அரை மணியில் முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்கு அவ்வளவுதான் தெரியும்போல என்று நோட்டை மூடினேன். மறுநாள் விடியற்காலை அவர் கூடவே தோப்புக்குப் போனேன். ஒரு மரத்தடியில் நின்று தண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இன்றைக்குத் தராது, நேற்று மேகம் போட்டுவிட்டது என்றார். அங்கிருந்து ஆரம்பித்தவர் மதியம்வரை நிறுத்தவில்லை. காற்று, பாளை, எறும்பு, எந்த மரம் கோபக்கார மரம், எது பெண்பிள்ளை மாதிரி. என் எண்பது கேள்வியில் ஒன்றுகூட அந்தப் பேச்சைத் தொட்டிருக்கவில்லை. முதல் நாள் இரவு நான் அவரைப் பற்றி நினைத்ததை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. அவர் இப்போது இல்லை.

சாகுனின் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கோபமும் வருகிறது, கூடவே அந்த மூடிய நோட்டும் ஞாபகம் வருகிறது.

13 ஜூலை

சின்னத் திருத்தம். ‘ஐரோப்பியப் பாடப்புத்தக வரிசை’ என்றதை வைத்து, புத்தகம் முழுக்கவே அப்படித்தானா என்று ஒருவர் கேட்டார். இல்லை. ஆறாவது புத்தகத்தைப் பாருங்கள். அது பெரியோர் வாய்மொழி, ‘வெவெத்லாதோல்லி’. தகப்பன் மகளுக்குச் சொல்வது, மருத்துவச்சி பிறந்த குழந்தையிடம் பேசுவது, புதிய அரசனுக்கு மூத்தோர் சொல்வது. அதில் கேள்வியின் வாடையே இல்லை. 1547 வாக்கிலேயே, கட்டளை எதுவும் வருவதற்கு முன்பு, சேகரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மொழியில் இரண்டு சொல்லைச் சேர்த்து மூன்றாவது பொருள் சொல்வார்கள். ‘நீரும் மலையும்’ என்றால் ஊர். ‘பூவும் பாட்டும்’ என்றால் கவிதை. இந்த அழகு அங்கே நிரம்பிக் கிடக்கிறது.

15 ஜூலை

கொள்ளைநோய் பற்றிக் கேட்டீர்கள். தலைப்பில் போட்டுவிட்டு இன்னும் எழுதவில்லை.

1545இல் தொடங்கிய கொள்ளைநோய், நாவாட்டிலில் கொகொலிஸ்த்லி. அந்தச் சமயம் த்லாதெலோல்கோவில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைத் தானே அடக்கம் செய்ததாக சாகுன் எழுதுகிறார். கடைசியில் அவருக்கே நோய் தொற்றிச் சாகக் கிடந்து பிழைத்தார். கல்லூரிப் பிள்ளைகளும் பலர் போனார்கள். அவர் வாத்தியார் என்பதை மறக்காதீர்கள்.

1576இல் மறுபடி வந்தது. அப்போது புத்தகத்தின் கடைசிப் பிரதி தயாராகிக்கொண்டிருந்தது. இடது பத்தியில் ஸ்பானியம், வலது பத்தியில் நாவாட்டில். ஸ்பானிய வடிவம் சுருக்கமானது, மிஞ்சிய இடத்தில் ஓவியங்கள், மொத்தம் சுமார் 2,500. முழுப் பிரதியையும் இப்போது இணையத்தில் பார்க்கலாம். ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். முதல் புத்தகங்களில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறம் பொங்கும். பதினோராவதில் இடையிடையே நிறம் நின்றுபோகும். பன்னிரண்டாவது, ஸ்பானியர் நகரைப் பிடித்த கதை, ஏறத்தாழ முழுக்க வெறும் மைக்கோடு. கொள்ளைநோயில் வண்ணம் கிடைக்காமல் போயிற்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே பன்னிரண்டாவதில்தான் 1520 பெரியம்மையும் வருகிறது: பாயில் கிடந்தவர்களால் புரண்டு படுக்க முடியவில்லை, அசைந்தால் அலறினார்கள் என்று. சாவுக்கு நடுவில் உட்கார்ந்து பழைய சாவை வரைந்திருக்கிறார்கள், அதுவும் நிறமில்லாமல்.

16 ஜூலை

ஏழ்மையும் கீழ்ப்படிதலும் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா.

1569இல் நாவாட்டில் பிரதி முடிந்தது. 1570இல் சபைக் கூட்டத்தில் ஒரு பிரச்சினை எழுந்தது. எழுத்தர்களுக்குக் கூலி கொடுத்து இவ்வளவு பணம் செலவழிப்பது ஏழ்மை வாக்குக்கு எதிரானது என்றார்கள் சிலர். எழுத்தர்களை அனுப்பிவிடு, வேண்டுமானால் உன் கையாலேயே எழுது என்று உத்தரவு. அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கை நடுக்கம். எழுத முடியாது. கீழ்ப்படிந்தார். புத்தகங்களைப் பிரித்து மாநிலம் முழுக்க மடங்களுக்கு அனுப்பினார்கள். சில வருடம் கழித்துத்தான் திரும்பச் சேர்ந்தன. வேலை அப்படியே நின்றது. இதற்கிடையில் சுருக்கம் ஒன்று எழுதி ஸ்பெயினின் அமெரிக்கப் பகுதிகளைக் கவனித்த அரச மன்றத்துக்கும் இன்னொன்று பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதருக்கும் அனுப்பிப் பார்த்தார். 1575இல் ரொட்ரீகோ தெ செக்கெரா என்ற சபை மேலதிகாரி வந்து, நூலைப் பார்த்து மகிழ்ந்து, ஸ்பானியத்தில் மொழிபெயர்க்கச் சொல்லி உதவியும் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

உடனே அடுத்த அடி. 1577 ஏப்ரல் 22இல் இரண்டாம் பிலிப் அரசரின் ஆணை: சாகுனின் நூலை, பிரதி எதுவும் மிஞ்சாமல், எடுத்து அனுப்புங்கள். இந்தியர்களின் மூடநம்பிக்கையையும் பழைய வாழ்க்கையையும் பற்றி எந்த மொழியிலும் யாரும் எழுத விடாதீர்கள். பழைய மதம் மறுபடி முளைத்துவிடும் என்ற பயம். நமக்குக் கிடைத்த பிரதி ஐரோப்பாவுக்குப் போய், மெடிசி குடும்பத்தின் கையில் சேர்ந்து, இன்று ஃபுளோரன்சில் லாரென்சிய நூலகத்தில் இருக்கிறது. அதனால்தான் ஃபுளோரன்ஸ் சுவடி என்று பெயர். அது அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் உயிரோடிருக்கையில் அச்சேறியது ஒரே நூல்தான்: 1583இல் வந்த நாவாட்டில் பாடல் தொகுப்பு, மக்கள் தங்கள் நடனங்களில் பழைய பாட்டுக்குப் பதிலாகப் பாடவேண்டும் என்று எழுதியது.

அதாவது கடைசிவரை அவர் அதே மதபோதகர்தான். மெக்சிகோ நகருக்கு அருகே தெபெயாக் குன்றில் மாதாவை மக்கள் ‘தொனான்சின்’, நம் தாயே, என்று அழைத்ததைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தார். பழைய பெண்தெய்வத்தின் பெயர் அது, நிறுத்தவேண்டும் என்று எழுதினார்.

18 ஜூலை

‘கடைசியில் உங்கள் கருத்து என்ன?’ என்கிறீர்கள். மரியாதை கொடுக்கலாமா என்றுதான் கேள்வி ஆரம்பித்தது. கொடுக்கலாம். ஆனால் அவர் ஒருவர் பெயரில் முழுவதையும் எழுதிவைப்பதை நான் இனி ஒத்துக்கொள்ளமாட்டேன். 4ஆம் தேதி நானே அதைத்தான் செய்தேன். நாவாட்டில் பத்தியை வாசித்தால் அங்கே பேசுவது தெபெபுல்கோ, த்லாதெலோல்கோ முதியவர்கள். எழுதுவது வலெரியானோவும் மற்றவர்களும். மேற்பார்வையும் வரிசையும் பிடிவாதமும் சாகுனுடையவை. அந்தப் பிடிவாதம் இல்லாமல் மற்றது நின்றிருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். 1555இல் மெக்சிகோ திருச்சபையின் முதல் மாநிலச் சங்கம், இந்தியர்களைக் குருக்களாக்கக்கூடாது என்று தீர்மானித்துவிட்டது. வேற்றுமை கேட்டு மடக்கிய அந்தப் பையன் பூசை வைத்திருக்கவே முடியாது.

18 ஜூலை, சற்று நேரம் கழித்து

வலெரியானோவைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அவர் 1573இலிருந்து பல வருடம் மெக்சிகோ நகர இந்தியர்களின் ஆளுநராக இருந்தார். 1605இல் இறந்தார். கடைசிக் காலத்தில் ஹுவான் பவுத்திஸ்தா என்ற பிரான்சிஸ்கன் துறவிக்கு லத்தீனில் ஒரு கடிதம் எழுதினார். அந்தத் துறவி அதை 1606இல் தன் நூலில் அச்சிட்டார். கேட்ட மொழிபெயர்ப்பு சரியாக வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அதில். கை நடுங்குகிறது, கண் மங்கிவிட்டது, காது அடைத்துவிட்டது.